மூன்றாம் தரத்துக் கரு

எங்கள் லேப்புக்குப் புதுப் பெட்டி ஒன்று வந்து இறங்கியிருக்கிறதாம். கரு உள்ளே வளரும்போதே அது படம் பிடித்துக்கொண்டே இருக்குமாம். பிறகு எது நல்லது, எது சுமார் என்று தானாகவே புள்ளி போட்டுக் காட்டுமாம். அங்கே இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர் போன கிழமை வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, இந்தச் செய்தியைச் சொன்னார்கள். பிறகு, "அக்கா, அந்தக் காலத்துல கண்ணால பாத்தா தரம் போட்டீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். மாட்டு வண்டியில் கொழும்புக்குப் போய் வந்தவளைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"கண்ணாலதான் பாத்தாங்க. பாவம், வேற ஒண்ணும் இருக்கல" என்றேன்.

"பிழை வராதா அக்கா?"

வராமல் என்ன? பெட்டிக்கு மட்டும் வராதா என்று கேட்க நினைத்தேன். விருந்துக்கு வந்த பிள்ளைகளிடம் வாயாடக் கூடாது என்று விட்டுவிட்டேன். அவர்கள் போகும்போது, "எல்லாத்தையும் எழுதித் தாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் எனக்கு வேறு வேலை இல்லை என்பதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். எழுதுகிறேன்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுவிட்டது. கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளைக் கொளுத்திய பிறகு அப்பா எங்களைக் கண்டி டவுனுக்குக் கூட்டிவந்தார். கொளுத்தியவர்களின் புண்ணியத்தில் எங்களுக்கு நகர வாழ்க்கை கிடைத்தது. அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஹாட்வெயார் கடையில் மூட்டை தூக்கும் புருஷன். பேராதனை வீதியில் பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை நிலையம் ஒன்று திறந்தபோது, கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். சில வருடங்களில் என்னை லேப்புக்குள் எடுத்தார்கள். திறமையைக் கண்டு என்று நினைக்க வேண்டாம். முன்பு அந்த வேலையில் இருந்தவள் சவூதிக்குப் போய்விட்டாள்.

லேப்பின் பொறுப்பு ஒரு சிங்களப் பெண்மணிக்கு. நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கடுகண்ணாவையிலிருந்து ரயிலில் வருவார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, ஒரே மாதிரிச் செருப்பு. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

கருவுக்கு வாசனை ஆகாது. சென்ட், பவுடர், மல்லிகை, சந்தனம், சாம்பிராணி எதுவும் லேப்புக்குள் போகக் கூடாது. நானோ காலையில் பிள்ளையார் கோவிலுக்குப் போகாமல் வேலைக்கு வராதவள். மிஸ் வாசலில் நின்று என்னை மோந்து பார்ப்பார்.

"அக்கா, இன்னைக்குச் சந்தனம்" என்பார் சிங்களத்தில்.

நான் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன்.

"தலையில சாம்பிராணி."

மறுபடி போய்த் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வருவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பிள்ளையாரையும் வெளியில நிக்கச் சொல்லவா மிஸ்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவர் வரலாம். பூவைக் கழற்றி வச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து நான் பிள்ளையாரைப் பூவில்லாமலே மனசுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவருக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

தரம் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிப் பாஷை எனக்கு வராது. முட்டையும் விந்தும் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில் மிஸ் அந்தச் சின்னக் கண்ணாடித் தட்டைச் சூட்டுப் பெட்டியிலிருந்து எடுப்பார். எடுப்பதற்கு முன் நான் தட்டில் உள்ள பெயரை வாய்விட்டு வாசிக்க வேண்டும். மிஸ் தன் கையில் உள்ள தாளைப் பார்த்து அதே பெயரைத் திருப்பிச் சொல்வார். இரண்டு வாயும் ஒன்றானால்தான் தட்டு அசையும். ஒருவருடைய பிள்ளை இன்னொருவருடைய வயிற்றுக்குப் போய்விடாமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறகு நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்ப்பார். ஒரு கரு எட்டாகப் பிரிந்திருந்தால், எட்டும் ஒரே அளவாக இருந்தால், இடையில் உடைந்த துணுக்குகள் இல்லாவிட்டால் அது முதலாம் தரம். அளவு கொஞ்சம் ஏறுமாறு என்றால் இரண்டாம் தரம். பிரிவது சுணங்கி, துணுக்குகள் நிறைந்து கிடந்தால் மூன்றாம் தரம். மிஸ் மூன்றாம் தரத்தைக் கண்டால் "மோசம்" என்று சொல்லவே மாட்டார். கண்ணை எடுக்காமல் "பலமு" என்பார். பார்ப்போம் என்று அர்த்தம்.

பெரிய டொக்டர் அப்படியில்லை. கொழும்பிலிருந்து கிழமையில் இரண்டு நாள் காரில் வருவார். முன் மண்டபத்தில் ஒரு பலகை மாட்டி, எங்கள் நிலையத்தில் நூற்றுக்கு எத்தனை பேருக்குக் கரு தங்கியது என்று எழுதி வைத்திருந்தார். காரை விட்டு இறங்கியதும் முதலில் அந்தப் பலகையைத்தான் கும்பிடுவார். மூன்றாம் தரத்தை வைத்தால் பெரும்பாலும் தங்காது, தங்காவிட்டால் பலகை இறங்கும். ஆகையால் மூன்றாம் தரம் கழிக்கப்பட வேண்டியது என்பது அவருடைய வேதம்.

தரத்தை நோயாளிகளுக்குச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று காத்திருக்கும் அறையில் போய்ப் பார்த்தால் தெரியும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடிவு வந்த வீடு மாதிரி இருக்கும்.

"எங்கடது ரெண்டும் முதலாம் தரம், அல்ஹம்துலில்லாஹ்" என்று கெலிஓயா ஃபரீனா தாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள்) கதிரைக்குக் கதிரை போய்ச் சொல்லிக்கொண்டு வருவார். "எங்க வாப்பா குடும்பத்துல எல்லாரும் படிப்புல கெட்டி. அதுதான்."

"எங்களுக்கு ரெண்டாந் தரமுங்க" என்று நாவலப்பிட்டிப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி தலையைக் குனிவாள்.

"கவலப்படாதீங்க மகள். டியூஷன் குடுத்தாச் சரி வந்திரும்."

ஃபரீனா தாத்தாவின் முதலாம் தரம் இரண்டும் தங்கவில்லை. அது தாத்தாவின் குற்றமுமில்லை, கருவின் குற்றமுமில்லை. அவர் என் தோளில் சாய்ந்து அழுதபோது, இந்தத் தரத்தைச் சொல்லித் தொலைத்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட்டு என்ன? நான் துடைக்கும் துணி.

இனி மங்கை டீச்சரின் கதை. டீச்சர் யாழ்ப்பாணத்தவர். புருஷன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உத்தியோகம், நல்ல மனிதர், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பேச்சைக் கேட்பவர். யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. ஊருக்குப் போகும் பாதை மூடிக் கிடந்தது. கண்டியில் இவர்களுக்கு இருந்த ஒரே சொந்தம் புருஷனின் அக்கா, வங்கியில் வேலை செய்யும் அம்மையார். ஒரு சொந்தமே தாராளமாகப் போதும் என்று அவரைக் கண்ட பிறகு எனக்கு விளங்கியது.

டீச்சருக்கு முட்டை எடுத்தபோது உடம்பில் நீர் கோர்த்து, சாகக் கிடந்து பிழைத்தார். இனி ஒரு முறை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கிடைத்த கருக்களில் நல்லவை இரண்டையும் வைத்தோம், தங்கவில்லை. மிஞ்சியது ஒன்று. மூன்றாம் தரம். கழித்திருக்க வேண்டியதை மிஸ் "பலமு" என்று சொல்லி, குளிர்த் தாங்கியில் உறைய வைத்திருந்தார். அது பெரிய டொக்டருக்குத் தெரிய வந்தது.

"குப்பையை ஏன் குளிரில் வைத்திருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

"அவங்களுக்கு வேற இல்ல, சேர்" என்றார் மிஸ்.

டீச்சரையும் புருஷனையும் கூப்பிட்டார்கள். வங்கி அக்கா கூப்பிடாமலே வந்தார். மிஸ்ஸுக்குத் தமிழ் வராது, டீச்சருக்குச் சிங்களம் மட்டுமட்டு. மொழிபெயர்க்க என்னை நிற்க வைத்தார்கள். பெரிய டொக்டர் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். முடிவில் மிஸ் எனக்குச் சிங்களத்தில் சொன்னது, "வைக்க வேண்டாம் என்கிறார்" என்பதுதான். நானும் அப்படியே சொன்னேன். அவ்வளவு நேரம் பேசியது அவ்வளவுதானா என்பது போல டொக்டர் என்னைப் பார்த்தார்.

வங்கி அக்காவுக்குச் சந்தோஷம். "நானும் அதைத்தானே சொல்லுறன். தம்பி, தரம் குறைஞ்ச வித்து. கை கால் விளங்காமலோ, மூளை வளராமலோ பிறந்தா ஆர் பாக்கிறது? நீ வவுனியாவுக்கு மாத்தலாகிப் போகப் போறாய். இவள் தனிய அதைத் தூக்கிக்கொண்டு செக்பொயின்ட் செக்பொயின்டா அலையிறதோ?"

தம்பி தலையாட்டினார். கடைசியாகப் பேசியது அக்கா அல்லவா.

டீச்சர் அக்காவைப் பார்க்கவில்லை, டொக்டரையும் பார்க்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். "மிஸ், இது தங்காமப் போனாப் போகட்டும். அழுது பழகியிட்டுது. தங்கினா, பிள்ளை பழுதாப் பிறக்குமோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

நான் சிங்களத்தில் சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நான் தமிழில் சொல்லி முடிக்கும் வரை ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"தரம் போடுறது, கரு தங்குமா தங்காதான்னு ஊகிக்கத்தான். இது தங்குறது கஷ்டம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா தங்கி, வளந்து, பொறந்துச்சுன்னா, மத்தப் பிள்ளையை விட மோசமா இருக்கும்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் உள்ள பயம் இதுக்கும் உண்டு. அதுக்கு மேல இல்ல."

"ஆதாரம் இல்லையெண்டா, அப்பிடி நடக்காதெண்டு அர்த்தமோ?" என்று வங்கி அக்கா கேட்டார். நல்ல கேள்விதான். கேட்ட விதம்தான் நல்லதில்லை.

மிஸ் இதற்கும் கோபப்படவில்லை. "இங்க உண்டாகிப் பொறந்த பிள்ளைகளை ஒவ்வொன்னாப் போய்ப் பாத்திருக்கேன். பாத்து, இது எந்தத் தரத்துல வந்ததுன்னு என்னால சொல்ல முடியல. முடியும்னா நீங்க வந்து சொல்லுங்க" என்றார்.

"வைப்பம்" என்றார் டீச்சர்.

புருஷன் வாயைத் திறந்தார். "நீங்கள் பேசாமல் இருங்கோ. உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுறன்" என்றார் டீச்சர். இப்போது கடைசியாகப் பேசியது டீச்சர். அவர் அதற்கும் தலையாட்டினார்.

டொக்டர் பலகையை நினைத்துப் பெருமூச்சு விட்டு, நாள் குறித்தார்.

அந்த நாளைத் தள்ளிப்போட முடியாது. கருப்பை பதமாவதற்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்து, அந்த நாளுக்கென்று தயார் செய்திருப்பார்கள். காலையில் கருவைக் குளிரிலிருந்து எடுத்து, ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றி மாற்றிப் படிப்படியாகச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எடுத்த பிறகு திருப்பி வைக்க வழியில்லை. மிஸ் எடுத்துவிட்டார். முழுதாக வரவில்லை, முக்கால்வாசி உயிரோடு வந்தது. பெயரைச் சொல்லிச் சூட்டுப் பெட்டியில் வைத்தோம். அப்போது தொலைபேசி அடித்தது. டீச்சரையும் புருஷனையும் செக்பொயின்டில் பஸ்ஸை விட்டு இறக்கிப் பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். புதிதாகக் குடிபோன வீட்டைப் பொலிஸில் பதிய மறந்திருந்தார்கள். அந்த நாட்களில் அதைவிடப் பெரிய குற்றம் கொலை மட்டும்தான்.

"நான் பொலிஸோடு பேசினால் நிலையத்துக்குக் கெட்ட பெயர். இதுவும் ஒரு அறிகுறிதான், விட்டுவிடுவோம்" என்றார் பெரிய டொக்டர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், அன்றைக்கு மட்டும் அறிகுறி பார்த்தார்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். "அக்கா, போய்க் கூட்டிட்டு வாங்க. பின்னேரத்துக்கு மேல என்னால வச்சிருக்க ஏலாது."

போனேன். டீச்சர் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் வெளிறிப் போயிருந்தது. கருவை வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்கேனில் உள்ளே தெளிவாகத் தெரியும். அதற்காகக் காலையிலேயே தண்ணீர் குடித்துவிட்டு வெளிக்கிட்டவர். பொம்பளைப் பொலிஸ் இரக்கப்பட்டுக் கழிவறைக்குக் கூப்பிட்டும் போகவில்லையாம். சந்தேகத்துக்கு இடமாக நடந்துகொள்கிறார் என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பொலிஸ் சார்ஜன் மீசைக்காரர். பேச்செல்லாம் சிங்களத்தில்.

"யாரைத் தேடி வந்தீங்க?"

"இந்த டீச்சரையும் புருஷனையும், சேர். அவங்க பிள்ளை சென்டர்ல காத்துக்கிட்டிருக்கு."

"பிள்ளை இல்லைன்னு இந்தப் பொம்பளை சொல்றா. இருக்குன்னு நீங்க சொல்றீங்க. யார் பொய்?"

"ரெண்டும் உண்மை சேர்."

"பிள்ளை எங்க?"

"பெட்டிக்குள்ள."

யுத்த காலத்தில் பொலிஸ் நிலையத்தில் சொல்லக் கூடாத வார்த்தை அது. இரண்டு கான்ஸ்டபிள்கள் எழும்பி நின்றார்கள்.

"என்ன பெட்டி?"

"சூட்டுப் பெட்டி சேர். முந்தி ஐஸ்ல இருந்துச்சு. இன்னைக்குக் காலையிலதான் எடுத்தோம்."

"எவ்வளவு பெரிசு?"

"கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத பிள்ளைக்கு இவ்வளவு அவசரமா?"

"தெரியுற பிள்ளைன்னா அதுவே அழுது கூப்பிட்டிருக்கும் சேர். இதுக்கு நான்தான் வரணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போடுவதற்கு என் வயதை அளக்கிறார் என்று நினைத்தேன். பிள்ளையாரப்பா, என் பிள்ளைகளுக்குப் பின்னேரம் சோறு போட வீட்டில் ஆளில்லை என்று மனசுக்குள் சொன்னேன். சார்ஜன் தொலைபேசியை எடுத்து எங்கள் லேப்புக்கு அடித்தார். மிஸ் பேசினார். என்ன சொன்னாரோ, "ஆ... ஆ..." என்று மட்டும் சார்ஜன் சொல்லிக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்தார். பிறகு கான்ஸ்டபிள்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என் தங்கச்சி கலியாணம் கட்டி ஏழு வருஷம். குருநாகல்ல இருக்கா. உங்க சென்டர் நம்பரை எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். சற்று முன்பு வரை நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்தாக இருந்த டீச்சர், உடனே ஆபத்தில்லாதவராகிவிட்டார். சார்ஜன் தன் ஜீப்பிலேயே எங்களை ஏற்றிவிட்டார். ஜீப் ஒவ்வொரு குழியில் விழும்போதும் டீச்சர் என் கையை இறுக்கினார்.

"அக்கா, எழும்பியிட்டுதோ?" என்று மெல்லக் கேட்டார்.

"முக்கால்வாசி எழும்பிருச்சு டீச்சர்."

"காணும், அது போதும்" என்றார். "நானும் முக்கால்வாசிதான் இருக்கிறன்."

பொலிஸ் ஜீப் வாசலில் வந்து நிற்க, காத்திருக்கும் அறையில் இருந்தவர்கள் பின்கதவால் ஓடிவிட்டார்கள். பெரிய டொக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் கையைக் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தார். நான் பெயரை வாசித்தேன். மிஸ் திருப்பிச் சொன்னார். மெல்லிய குழாயில் கருவை எடுத்து மிஸ் நீட்ட, டொக்டர் வாங்கி உள்ளே வைத்தார். அவர் கை நடுங்கவில்லை. பலகையைத் தவிர வேறொன்றும் அவரை நடுங்க வைக்காது. குழாயில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்று மிஸ் நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதி செய்தார். நான் கண்ணை மூடினேன். பூவில்லாத பிள்ளையாரிடம், தரம் பார்க்காமல் ஒரு தடவை பாருமப்பா என்று கேட்டேன்.

தங்கியது.

அதைச் சொல்வதற்கு ஒரு சொல் போதும். ஆனால் பிறகு வந்த மாதங்கள் டீச்சருக்கு ஒவ்வொன்றும் ஒரு வருடம். புருஷன் வவுனியாவுக்குப் போய்விட்டார். வங்கி அக்கா ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூடவே வந்து, திரையைப் பார்த்து, "தலை பெரிசாக் கிடக்கே", "கால் ஒண்டைக் காணேல்லையே" என்று ஆறுதல் சொன்னார். டீச்சர் வீட்டுக்குப் போகாமல் லேப் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிடுவார். "அக்கா, மிஸ் அண்டைக்குச் சொன்னதைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ" என்பார். நான் சொல்வேன். எல்லாப் பிள்ளைக்கும் உள்ள பயம்தான், அதுக்கு மேல இல்ல. கேட்டுவிட்டுப் போவார். அடுத்த ஸ்கேனுக்கு மறுபடியும் வருவார். அவர் போன பிறகு நான் மிஸ்ஸிடம், "சரியாத்தானே மிஸ் சொன்னோம்?" என்று கேட்பேன். "பலமு" என்பார் மிஸ். அந்தச் சொல்லை அவர் வாயில் அடைத்து வைக்கலாம் போல இருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. குறித்த நாளுக்குக் கொஞ்சம் முந்தி வந்துவிட்டாள், மற்றபடி நிறைக்கும் குறைவில்லை, மூச்சுக்கும் குறைவில்லை. அழுகைக்குச் சொல்லவே வேண்டாம், வார்ட்டில் ஒருவரும் கண் மூடவில்லை. பெரிய டொக்டர் அன்றே பலகையைத் திருத்தினார். பிள்ளையின் படத்தை மண்டபத்தில் மாட்ட அனுமதி கேட்டு டீச்சருக்கு ஆள் அனுப்பினார். கடினமான நிலையிலும் கைவிடாத நிலையம் என்று படத்துக்குக் கீழே எழுத வேண்டுமாம்.

நானும் மிஸ்ஸும் பார்வையிடும் நேரத்தில் போனோம். மிஸ் நேராகப் பிள்ளையின் தலைமாட்டில் தொங்கிய அட்டையை வாசித்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். நுணுக்குக்காட்டியில் பார்ப்பது போலக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வடிவு" என்றார். சிங்களத்தில் அல்ல, தமிழில்.

அப்போதுதான் வங்கி அக்கா வந்து சேர்ந்தார். கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, தொட்டிலருகே போய், சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். கை விரல்களை விரித்துப் பார்த்தார். கால் விரல்களைப் பார்த்தார். காதை மடித்துப் பார்த்தார். கத்தரிக்காயில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது போலப் பிள்ளையைப் புரட்டி முதுகையும் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்கினார்.

தையல் நோவோடு படுத்துக்கிடந்த டீச்சர் தலையை மட்டும் திருப்பினார்.

"முடிஞ்சுதோ மச்சாள்? முடிஞ்சா திரும்பச் சுத்திவிடுங்கோ. பிள்ளைக்குக் குளிருது."